அன்னாசிச் சந்தில் வீடு காலி

கழிப்பறையில் தண்ணீரை இழுத்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டு நிற்கிறார் லம்துவன் அக்கா. தொட்டி மறுபடி நிறைந்து சத்தம் அடங்கும்வரை யாரும் பேசக்கூடாது. வீட்டுக்காரர் வெளியே, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் போல நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பார். அக்கா வெளியே வந்து சேலைத்தலைப்பு இல்லாத குறைக்குத் தொப்பியால் முகத்தை விசிறிக்கொண்டு, "குழாயெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா அடியில எங்கயோ இருமுது" என்பார். இருமுகிற வீட்டுக்கு விலை குறையும்.

அடுத்தது கூடம். அதன் நடுவில் கைப்பையைத் தலைக்கு வைத்துத் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வார். கூரையில் ஈரத் திட்டு, மின்விசிறியின் ஆட்டம், காற்று எந்த ஜன்னலில் நுழைந்து எதில் வெளியேறுகிறது என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரியுமாம். "நின்னுக்கிட்டுப் பாத்தா எல்லா வீடும் நல்ல வீடுதான். படுத்துப் பாத்தாத்தான் அதோட யோக்கியதை தெரியும்." ஒருமுறை ஒரு சுவிட்சர்லாந்துத் தம்பதியின் வீட்டில் இப்படிப் படுத்தவர் அப்படியே தூங்கிப்போனார். குறட்டை வேறு. அவர்கள் பதறாமல் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, கால்விரல்களில் நடந்து காப்பி போட்டார்கள். 'தூக்கம் வரும் வீடு' என்று எழுதித் தொங்கவிடச் சொன்னார் அக்கா. எழுதியது நான்தான். மூன்றே வாரத்தில் விற்றுப்போனது.

பாங்காக்குக்குத் தெற்கே, பிரான்புரி ரயில் நிலையத்துக்கு எதிரே நான் நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறேன். விசாவுக்குப் புகைப்படம், கல்யாணப் பத்திரிகை, வினைல் பலகை எல்லாம் உண்டு. கடையின் முன்பாதியில் ஒரு மேஜை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஊர் வரைபடம். அதுதான் லம்துவன் அக்காவின் வீட்டுத் தரகு அலுவலகம். ஐம்பத்தேழு வயது, குள்ளம், அகலம். வெயிலுக்கு முழங்கை வரை பூப்போட்ட கையுறை. சிவப்பு மோட்டார் சைக்கிளில் இணைத்த பக்கவண்டியில் எப்போதும் ஏணி, துடைப்பம், 'விற்பனைக்கு' பலகைகள், அன்னாசித் துண்டுகள் ஒரு பை, தொட்டுக்கொள்ள உப்பும் மிளகாய்த்தூளும். சிரிப்பு வருகிற விஷயத்தைச் சொல்வதற்கு முன்பே சிரித்துவிடுவதால், பாதிச் செய்தி நமக்குப் புரியாது.

அவர் விற்பது வெள்ளைக்காரர்கள் விட்டுப்போகிற வீடுகளை. டென்மார்க், நார்வே, பெல்ஜியம் என்று எங்கெங்கோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், இருபது வருடங்களுக்கு முன்பு எங்கள் கடற்கரைக்குக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வந்த அதே வேகத்தில் இப்போது திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவக் காப்பீடு ஏறிவிட்டது, விசாவுக்குக் காகிதம் கூடிவிட்டது, அங்கே பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அக்காவுக்கு ஒரே காரணம்தான். "வரும்போது முட்டி நல்லா இருந்துச்சு. இப்ப வலிக்குது. முட்டி வலிச்சாத்தான் மகள் ஊரு ஞாபகம் வரும்."

யார் போகப்போகிறார் என்பது போகிறவருக்கு முன்பே அக்காவுக்குத் தெரியும். "மாங்கன்னு நடறவன் போகமாட்டான். செடியைத் தொட்டியில வெக்க ஆரம்பிச்சுட்டான்னா அடுத்த வருஷம் ஆள் இருக்கமாட்டான்." ஆனால் நேரே போய்க் கேட்க மாட்டார். வாசல் கேட்டில் ஒரு அன்னாசியைத் தொங்கவிட்டுவிட்டு வந்துவிடுவார். "போற மனசு வந்தவன்கிட்டப் 'போறீங்களா'ன்னு கேட்டா, 'யார் சொன்னா'ன்னு சண்டைக்கு வருவான். பழத்தைக் குடுத்தா அவனே கூப்பிட்டு உக்கார வெச்சு அழுவான்."

முன்பு அந்த வீடுகளைப் பதினோரு வருடம் கூட்டித் துடைத்தவர் அவர். ஊருக்குத் திரும்ப அவசரப்பட்ட ஒரு ஃபின்லாந்துக் கிழவர், "உனக்குத் தெரிந்த யாருக்காவது இதைக் கொடுத்துவிடேன்" என்றார். அக்கா ஒரு நூடுல்ஸ் கடைக்காரியைப் பிடித்துக் கொடுத்தார். இரண்டு வருடம் கூட்டினால் கிடைப்பது ஒரே கையெழுத்தில் கிடைத்தது. இன்றைக்கும் யாருக்காவது வீட்டைக் காட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் அவரே கூட்டுகிறார். "கூட்டாத வீட்டைக் காட்டறது, சீவாத தலையோட கல்யாண போட்டோவுக்கு நிக்கற மாதிரி."

இவ்வளவு கெட்டிக்கார அக்காவுக்கும் அன்னாசிச் சந்து தண்ணி காட்டியது.

அது சவேங் மாமாவின் பழைய அன்னாசித் தோட்டம். வெளிநாட்டுக்காரர் இங்கே நிலம் வாங்க முடியாது என்பதால் முப்பது வருடக் குத்தகைக்கு விட்ட நிலத்தில், வயதான வெள்ளைக்காரர்கள் வரிசையாகப் பதினான்கு வீடுகள் கட்டிக்கொண்டார்கள். போன வருடக் கடைசியில் ஒன்பது வீடுகள் காலி. நான் அச்சடித்த பலகைகள் வெயிலில் வெளுத்து, 'விற்பனைக்கு' என்பதில் 'வி' மட்டும் மிஞ்சியிருந்தது. பாங்காக்கிலிருந்து இளம் தம்பதிகள் வருவார்கள், மாமரத்தோடு படம் எடுத்துக்கொள்வார்கள், உள்ளே போவார்கள், உடனே வெளியே வந்துவிடுவார்கள். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்குங்க."

இருந்ததென்னவோ உண்மைதான். வாசலில் படிக்குப் பதில் சரிவு. கட்டில் நுழைகிற அகலத்தில் கதவுகள். கழிப்பறையில், குளிக்கும் இடத்தில், நடையின் இரு பக்கமும் எவர்சில்வர் கைப்பிடிக் கம்பிகள். அக்கா ஒரு முடிவெடுத்தார். "கம்பியெல்லாம் பிடுங்குங்க. வீட்டுக்குப் பதினஞ்சு வயசு குறையும்." ஏழு வீடுகளில் பிடுங்கி, துளைகளைப் பூசி, மேலே வெள்ளையடித்தார்கள். அப்படியும் ஒரு வீடுகூட நகரவில்லை.

ஆறாம் எண் வீட்டு பிரேபென் மட்டும் கம்பி மேல் கை வைக்க விடவில்லை. டென்மார்க்காரர். எழுபத்தொன்பது வயது, ஒட்டடைக்கம்பு உயரம். எங்கள் ஊர்ப் பேச்சை மீன் இறங்குதுறையில் கற்றுக்கொண்டதால், யாரையும் மரியாதையாகப் பேச அவருக்கு வராது. மாவட்ட அதிகாரியையே ஒருமுறை "வாடா, உக்காரு" என்றிருக்கிறார்.

"மாமா, நாலே நாலு கம்பி. எடுத்துட்டா அடுத்த மாசமே ஆள் வரும்" என்றார் அக்கா.

"நீ வேணா வெளிய போ. கம்பி இருக்கும்."

"ஏன் இப்படி அடம் பிடிக்கறீங்க?"

"பிர்கிட் கை அளவு பாத்து நான் போட்டது. இங்க பிடிச்சா, அங்க எட்டும். அங்க பிடிச்சா, குளிக்கற பெஞ்சு எட்டும். அவளே குளிச்சா. ஆறு வருஷம். கடைசி நாள்கூட."

பிர்கிட் அவருடைய மனைவி. காலில் ஆரம்பித்து மெல்ல மெல்ல உடம்பையே ஒடுக்குகிற நோய் அவருக்கு. இறந்து மூன்று வருடமாகிறது. அக்கா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். வெளியே வந்து என்னிடம், "கம்பியைக் கட்டிக்கிட்டு அழுதா வீடு எப்படித் தம்பி விக்கும்?" என்றார். சொல்லிவிட்டு அன்னாசித் துண்டை உப்பில் தோய்க்காமலே தின்றார்.

அந்தச் சமயத்தில்தான் பாங்காக்கிலிருந்து ஒரு நிறுவனத்தின் ஆள் வந்தார். பதினான்கு மனையையும் மொத்தமாக எடுத்து, வீடுகளை இடித்துவிட்டு, சுற்றுலாப் பேருந்துகள் நிறுத்தும் இடம் கட்டப்போகிறார்களாம். வீட்டுக்காரர்கள் கேட்ட விலையில் பாதிதான், ஆனால் உடனே. ஒரே நிபந்தனை: பதினான்கு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் குறைந்தாலும் கிடையாது. வெளிநாட்டுக்குப் போய்விட்ட ஒன்பது பேரும் மின்னஞ்சலில் சரி என்றார்கள். இங்கே இருப்பவர்களில் நாலு பேர் சலித்துப்போய்ச் சரி என்றார்கள். சவேங் மாமாவுக்கு ஏகச் சந்தோஷம். அக்காவுக்கும் தரகு ஒரே வீச்சில் வரும். காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறியிறங்கியதும் அக்காதான். அதை அவர் மறைப்பதில்லை.

மிச்சம் பிரேபென். ஜூன் இரண்டாம் வாரம் அவருக்கு விமானம். டென்மார்க்கில், ஆர்ஹுஸில் இருக்கிற மகள் சீட்டு எடுத்து அனுப்பிவிட்டார். கையில் இருந்ததை எல்லாம் அந்த வீட்டில் போட்டவர். நியாயமான விலைக்குப் போனால் மகள் வீட்டுப் பக்கத்தில் சின்னதாக ஓர் அறை வாடகைக்கு எடுத்துக்கொள்வார். இல்லாவிட்டால் மகள் வீட்டுச் சோபாதான்.

"இடிச்சா தப்பில்ல," என்று காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீடுன்னா இடிப்பாங்க. ஆனா நல்ல குளியலறை. யாராவது குளிக்கணும் இதுல. ஒரு மாசம் குடு."

நிறுவனத்து ஆள் தினமும் காலையில் தொலைபேசியில் அழைப்பார். அக்கா ஒருநாள் முத்திரைத்தாள் கிடைக்கவில்லை என்பார், இன்னொரு நாள் வெள்ளைக்காரருக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை என்பார். மூன்றாம் வாரம் என் கணினியில் வைரஸ் என்றார். "என் கடையை ஏன்க்கா இழுக்கறீங்க?" என்றேன். "பொய்யில ஒரு உண்மை கலந்தாத்தான் தம்பி நிக்கும். உன் கணினி எப்பவும் அப்படித்தானே?"

ஒரு சனிக்கிழமை காலை, சந்துக்குள் ஒரு பழைய நாலு கதவு பிக்கப் வண்டி வந்தது. படம் எடுக்க நானும் போயிருந்தேன். வண்டியை ஓட்டி வந்த ஏக், ரயில்வேயில் சிக்னல் பிரிவு. பிரான்புரி நிலையத்துக்கு மாற்றல். மனைவி துக்தா அன்னாசி டப்பா ஆலையில் வேலை பார்க்கிறாள். இருவரும் இறங்கினார்கள். வண்டியின் பின் இருக்கையில் ஓர் அம்மாள், சாத்திய கண்ணாடிக்குப் பின்னால் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எங்கம்மா," என்றாள் துக்தா. "வண்டியிலயே இருக்கட்டும். ஏசி போட்டு வெச்சிருக்கோம். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசல்ல மூணு படி. தூக்கி இறக்கி, தூக்கி இறக்கி… அவங்களுக்கே பிடிக்கறதில்ல."

அக்கா தலையாட்டிவிட்டு, "வாங்க, மொதல்ல சமையலறையப் பாருங்க" என்று அவர்களை உள்ளே அழைத்துப்போக ஆரம்பித்தார். அதுதான் அவருடைய வழக்கம். பணம் கொடுப்பவர் யார் என்று பார்த்து, அவர் பக்கத்திலேயே நடப்பார்.

செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பிரேபென் குழாயைக் கீழே போட்டார். "அந்தப் பொம்பளை ஏன் வண்டில வேகுது?"

"வேகல மாமா, ஏசி இருக்கு," என்றார் அக்கா.

"வீடு பாக்க வந்தா வீடு பாக்கணும். வண்டி பாக்க வந்தாளா?"

விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போனார். ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதன் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, கைக்குட்டையால் ஒவ்வொரு கைப்பிடியாகத் துடைத்தார்.

அந்த அம்மாளின் பெயர் சம்னியங். பெத்புரி–பிரான்புரி தடத்தில் இருபத்தாறு வருடம் பேருந்து நடத்துநர். நீளத் தகரக் குழலில் சீட்டையும் சில்லறையையும் வைத்துக்கொண்டு, டக் டக்கென்று தட்டியே ஒரு பேருந்துக் கூட்டத்தை ஒதுக்கியவர். மூன்று வருடங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் போய்விட்டன. நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் சரிவைப் பார்த்தார், பிறகு கதவின் அகலத்தைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"என்ன எல்லாரும் வழியில நிக்கறீங்க? முன்னால போங்க, முன்னால போங்க. உள்ள எடம் இருக்கு."

நாங்கள் வரிசையாக உள்ளே போனோம். கூடம், சமையலறை, படுக்கையறை என்று ஒவ்வோர் இடத்திலும் அவர் நாற்காலியை நிறுத்தி ஒரு சுற்றுச் சுற்றவைத்தார். குளியலறை வந்தது. அதற்குள் எட்டிப் பார்த்தவர், வலது கையை நீட்டிச் சுவரில் இருந்த கம்பியைப் பிடித்தார். அங்கிருந்து அடுத்த கம்பி, அதற்கப்பால் சுவரோடு சேர்த்துக் கட்டிய பெஞ்சு. கண்ணாலேயே ஒருமுறை போய் வந்தார்.

"எல்லாரும் இறங்குங்க," என்றார்.

"அம்மா, நான் கூட…"

"இறங்குன்னா இறங்கு."

கதவு உள்ளே சாத்திக்கொண்டது. நாங்கள் நடையில் நின்றோம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கழிப்பறைத் தண்ணீர் இழுபடும் சத்தம் கேட்டது. அந்த அவஸ்தையிலும் அக்காவின் காது ஒரு பக்கம் சாய்ந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. துக்தா கதவைப் படபடவென்று தட்டினாள்.

"அம்மா! விழுந்துட்டியா? அம்மா!"

"விழல. கதவைத் தட்டாத." உள்ளேயிருந்து நிதானமாக வந்தது குரல். "மூணு வருஷமா நான் தனியா உக்காந்ததில்ல. கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்."

துக்தா அப்படியே சுவரோரம் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஏக் தன் பூட்சு முனையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிரேபென் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம். கூடவே, பழைய பேருந்து நிறுத்தங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக, ராகம் போட்டுச் சொல்கிற சத்தம். பெத்புரியில் கிளம்பிய பேருந்து சா-அம் தாண்டி, ஹுவா ஹின் தாண்டி, பிரான்புரி வந்து சேர்ந்தபோதுதான் தண்ணீர் நின்றது.

கதவு ஒரு சாண் திறந்தது. கட்டியிருந்த லுங்கியோடு தலை முதல் கால் வரை நனைந்து உட்கார்ந்திருந்தார் சம்னியங். "சோப்பு நல்லா இருக்கு," என்று பிரேபெனைப் பார்த்துச் சொன்னார். "துண்டு யாரு குடுக்கறா?"

பிரேபென் இரண்டே எட்டில் போய்த் துண்டு எடுத்து வந்தார். துக்தா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வண்டிக்கு ஓடி மாற்று லுங்கி கொண்டுவந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

திரும்பும் வழியில் நான் பக்கவண்டியில் ஏணிக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். அக்கா முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, முன்னால் பார்த்தபடியே சொன்னார்:

"ஏழு வீட்டுல பிடுங்கச் சொன்னது நான்தான் தம்பி."

"வீடு விக்கணும்னுதானேக்கா சொன்னீங்க?"

"பதினோரு வருஷம் அந்தக் கம்பியெல்லாம் நான்தான் தொடச்சேன். எது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?" ரயில் போனது. கேட் திறந்தது. பின்னால் ஒருவன் ஒலிப்பானை அடிக்கும்வரை அக்கா வண்டியை எடுக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே கடை வாசலில் நின்றார். பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. "பலகையை மாத்து."

நான் பழைய வாசகத்தைக் கணினியில் எடுத்தேன். மூன்று படுக்கையறை, கடற்கரைக்கு எட்டு நிமிடம், அமைதியான சூழல்.

"எல்லாத்தையும் எடு."

"கடல் எட்டு நிமிஷம்கறதாவது இருக்கட்டுமேக்கா. எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க."

"கடல் எங்கயும் போகாது. எழுது: படி கிடையாது. அம்மாவே தனியாகக் குளிக்கலாம்."

"அவ்வளவுதானா?"

"கீழ என் நம்பர். பெருசா."

பலகை தயார். ஆனால் பிடுங்கிய ஏழு வீட்டிலும் கம்பி வேண்டுமே? அவற்றை அக்கா மீன் இறங்குதுறையில் கணவாய் மீன் காயவைக்கிற சிம் பெரியம்மாவுக்குச் சும்மாவே தூக்கிக் கொடுத்திருந்தார். நாங்கள் போனபோது, நாற்பத்தொரு எவர்சில்வர் கம்பிகளிலும் வரிசையாகக் கணவாய்கள் தொங்கி, வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கறவ அடுத்த ஜென்மத்துல கணவாயாப் பொறப்பா!" என்று கத்தினார் சிம் பெரியம்மா.

"பொறக்கறேன். உன் கையாலயே காயறேன். இப்ப கம்பியக் குடு."

"துருப்பிடிக்காத கம்பிடி இது! மூங்கில்ல ஒட்டிக்குது, இதுல வழுக்கிக்கிட்டு வருது. என் பொழப்புல இப்பத்தான் ஒரு சொகம் கண்டேன், அது பொறுக்கலையா உனக்கு?"

"உனக்கும் எழுபதாகப்போகுது பெரியம்மா. ஒரு நாள் குளியலறையில வழுக்குனா, அங்க மூங்கிலையா பிடிப்ப?"

சிம் பெரியம்மா வாயில் வந்த வசவை விழுங்கிக்கொண்டு கணவாய்களைக் கழற்ற ஆரம்பித்தார். அன்று மாலைக்குள் அக்கா புதிதாக வண்டி நிறைய மூங்கில் கொண்டுபோய்க் கொடுத்தார். கூடவே சிம் பெரியம்மாவின் குளியலறைக்கு ஒரு கம்பியையும் அடித்துவிட்டு வந்தார். மீதி நாற்பதையும் எலுமிச்சம்பழம் போட்டு மூன்று முறை கழுவினோம். பத்தாம் எண் வீட்டில் மழைநாளில் இன்றைக்கும் லேசாகக் கணவாய் வாசம் வருவதாகக் கேள்வி.

சவேங் மாமாவை மசியவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அவர் என் கடைக்கே வந்து அக்காவின் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு எழுபத்தொண்ணு. பஸ்காரன்னா ஒரே செக். நீ சொல்ற மாதிரி குத்தகையை முடிச்சு, நம்ம ஆளுங்களுக்குத் தனித்தனியாப் பட்டா எழுதுனா பதினாலு செக். நான் எத்தனை தடவை பேங்குக்கு நடக்கறது?"

"பேங்குல ஏசி இருக்கு மாமா. பதினாலு தடவை போங்க."

"வெளயாடாத. வாங்க ஆள் எங்க?"

அக்கா கைப்பேசியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பலகை வைத்து ஐந்து நாட்களில் வந்த அழைப்புகள். ராட்புரியில் ஒரு பள்ளி ஆசிரியை, மகனுக்குத் தசை நோய். ஹுவா ஹினில் ஓய்வு பெற்ற போலீஸ்காரர், கால் வீக்கம். ஒரே வீட்டில் வாழ ஆசைப்படுகிற இரண்டு அக்கா தங்கைகள், இருவருக்கும் ஊன்றுகோல். இன்னும் பதினேழு பேர்.

"இவங்களுக்கெல்லாம் முட்டி போயிடுச்சு, அதுக்கு நான் என்ன பண்றது?" என்றார் சவேங் மாமா. "எனக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு." சொல்லிவிட்டு எழுந்தார். எழும்போது இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அக்கா அந்தக் கைகளையே பார்த்தார். நானும் பார்த்தேன். சவேங் மாமாவும் குனிந்து தன் கைகளைப் பார்த்தார்.

பிறகு அவரே சிரித்துவிட்டார். "சரி, பேசு. ஆனா ஒரு வீடு எனக்கு எடுத்து வை. ரெண்டாம் நம்பர். மாமரம் பெருசு."

நிறுவனத்து ஆள் கடைசி நாளில் நேரிலேயே வந்து, மரியாதை குறையாமல் கத்திவிட்டுப் போனார். நெடுஞ்சாலைப் பக்கம் வேறு இடம் பார்த்துக்கொண்டதாகக் கேள்வி. ஒரே கையெழுத்தில் வந்திருக்க வேண்டிய தரகை நினைத்து அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "வயிறு எரியுது தம்பி. இல்லேன்னு சொல்ற அளவுக்கு நான் நல்லவ இல்ல." மூன்றாம் நாள் நண்டுச் சோறு இரண்டு பொட்டலம் வாங்கி வந்து இரண்டையும் அவரே சாப்பிட்டார்.

எல்லாமே பழம் நழுவிப் பாலில் விழுந்துவிடவில்லை. இதுவரை எட்டு வீடுகள் விற்றிருக்கின்றன. போலீஸ்காரர் முன்பணம் கொடுத்துவிட்டு மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு பின்வாங்கினார். நார்வேயிலிருந்து ஒருவர், பேருந்துக்காரனுக்கே கொடுத்திருக்கலாம் என்று வாரம் ஒரு நீள மின்னஞ்சல் அனுப்புகிறார். அக்கா அதை என்னிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சரியாத்தான் சொல்றாரு. பதில் போடு, இன்னும் பொறுங்கன்னு" என்பார்.

ஆறாம் எண் வீட்டுக்கு ரயில்வே கூட்டுறவுக் கடன் பாஸாகி, ஏக்கும் துக்தாவும் மே மாதக் கடைசியிலேயே குடிவந்துவிட்டார்கள். விமானத்துக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்ததால், பிரேபென் தான் விற்ற வீட்டில் தானே விருந்தாளி ஆனார். சம்னியங் அவரை விட்டேனா பார் என்று மேய்த்தார். சாப்பாட்டு நேரத்தில் தாமதமாக வந்தால், "வண்டி போயிடுச்சு, அடுத்த வண்டி ஆறு மணிக்கு" என்பார். "ஏய், சோறு போடு" என்று டென்மார்க்காரர் மீன்துறை மொழியில் கேட்க, "மரியாதையா சீட்டு எடு" என்று நடத்துநர் மொழியில் பதில் வரும். விமான நிலையத்துக்கு வேன் வந்த அன்று பிரேபென் எல்லோருடனும் கைகுலுக்கினார். சம்னியங்கிடம் வந்தபோது மட்டும், பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக மரியாதைச் சொல் அவர் வாயில் வந்தது.

"நல்லா குளிங்க," என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை பெத்புரியிலிருந்து ஒரு குடும்பம், பதினோராம் எண் வீட்டைப் பார்க்க வந்தது. வெள்ளைக் கார். ஓட்டி வந்த மகன், நாற்பது வயதிருக்கும், இறங்கும்போதே விலையில் எவ்வளவு குறையும், பட்டா எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். லம்துவன் அக்கா அவருக்கு ஒரு கும்பிடு போட்டார். "சொல்றேன் தம்பி, இருங்க," என்று அவரைத் தாண்டி நடந்தார். காரின் பின்கதவைத் திறந்தார். உள்ளே, மடியில் ஊன்றுகோலைக் கிடத்திக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அக்கா தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர் கண்ணுக்கு நேரே கண் வரும்வரை சரளைக்கல்லில் குந்தி உட்கார்ந்தார். வீட்டுச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.

"ஐயா, நீங்க தொறங்க."